நத்தார் மெழுகுதிரி ஆராதனை: ஒரு சுடர் கடந்து வந்த வழி

லா சப்பல் என்றதும் நம் நினைவுக்கு முதலில் வருவது மரக்கறிக் கடைகளும் புடைவைக் கடைகளும் நகைக் கடைகளும் கொத்துரொட்டியின் வாசனையும்தான். ஊரிலிருந்து வந்த புதிதில், தமிழ்க் குரல் ஒன்றைக் கேட்பதற்காகவே கார் து நோர் நிலையத்தில் இறங்கி இந்தப் பக்கம் நடந்தவர்கள் நம்மில் உண்டு. இங்கே பிறந்த பிள்ளைகளுக்கோ அந்தப் பெயரின் பொருளும் தெரியும். பிரெஞ்சு மொழியில் ‘சப்பல்’ என்றால் சிற்றாலயம். அது எந்தச் சிற்றாலயம் என்று தேடிப் போனால், கதை ஒரு மெழுகுதிரியில் போய் நிற்கிறது.

ஆண்டு நிறைவு மலரில் நம் சபையின் வளர்ச்சியை நினைத்து நன்றி சொல்லும் இவ்வேளையில், வருகிற நத்தாருக்கான மெழுகுதிரி ஆராதனையைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கிறோம். எத்தனை திரி வாங்குவது, எந்தப் பாட்டுப் பாடுவது என்ற கேள்விகளுக்கு முன்னால் வேறொரு கேள்வி இருக்கிறது. இந்த ஆராதனை யாருக்காக ஏற்பட்டது? வரலாற்றைப் பார்த்தால் அதற்கு விடை கிடைக்கும். விடை கிடைத்தால் திட்டமிடுவதும் எளிதாகும்.

வழியில் அணைந்த திரி

பரிஸ் நகரத்தின் பாதுகாவலியாகப் போற்றப்படுகிற ஜெனவியேவ் ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். 451 இல் அத்திலாவின் படை வருகிறது என்று கேட்டு மக்கள் ஊரைவிட்டு ஓட ஆயத்தமானபோது, ஓடாதிருங்கள், ஜெபியுங்கள் என்று தடுத்து நிறுத்தியவர் அவர். பரிஸுக்கு வடக்கே, இரத்தசாட்சியான தெனி என்பவரின் கல்லறைமேல் ஓர் ஆலயம் எழக் காரணமாக இருந்தவரும் அவரே. இன்று நாம் சென் டெனி என்று சொல்லும் ஊர் அதுதான்.

அவர் இறந்து சில ஆண்டுகளுக்குள் எழுதப்பட்ட வாழ்க்கை வரலாற்றில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஒரு ஞாயிறு, சேவல் கூவுவதற்கு முன், ஜெனவியேவும் அவருடைய தோழியரும் அந்த ஆலயத்துக்கு நடந்து போகிறார்கள். மழை பெய்து வழியெல்லாம் சேறு. முன்னால் ஒருவர் பிடித்துச் சென்ற மெழுகுதிரி அணைந்துவிடுகிறது. கூட இருந்த பெண்கள் பயந்துபோகிறார்கள். அந்தத் திரியைத் தாருங்கள் என்று ஜெனவியேவ் கேட்டு வாங்குகிறார். அவருடைய கையில் அது மறுபடியும் எரிகிறது. அதை ஏந்திக்கொண்டே அவர் ஆலயத்துக்குள் போனார் என்று அந்த வரலாறு சொல்கிறது. பிற்காலச் சிற்பிகள் அவரைச் செதுக்கும்போது, கையில் ஒரு திரியையும் அதை அணைக்கப் பார்க்கும் பிசாசையும் ஏற்றிக் கொடுக்கும் தேவதூதனையும் சேர்த்தே செதுக்கினார்கள்.

பரிஸிலிருந்து சென் டெனிக்குப் போன அந்தப் பழைய பாதை இந்த இடத்தின் ஊடாகத்தான் போயிற்று. ஜெனவியேவும் தோழியரும் வழியில் இளைப்பாறிய இடத்தில் ஒரு சிற்றாலயம் எழுந்தது என்பதும், அதனால்தான் இவ்விடத்துக்கு ‘லா சப்பல்’ என்று பெயர் வந்தது என்பதும் இங்கே வழிவழியாகச் சொல்லப்படுவது. இன்றைய சென் டெனி த லா சப்பல் ஆலயத்தில்தான், 1429 செப்டெம்பரில் பரிஸைத் தாக்கப் போவதற்கு முன் ஜான் தார்க் ஜெபித்தார் என்பார்கள். லா சப்பல் அப்போது பரிஸுக்கு வெளியே இருந்த கிராமம். 1860 இல்தான் அது நகரத்தோடு சேர்ந்தது.

அந்த அற்புதத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் விசுவாசம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்தப் பெண்கள் திரி ஏற்றியது அழகுக்காக அல்ல. இருட்டில், மழையில், பயத்தோடு நடந்தவர்களுக்கு அது தேவைப்பட்டது.

எருசலேமில் உள்ளிருந்து வந்த நெருப்பு

ஜெனவியேவுக்கும் முன்பே திருச்சபை மாலை நேரத்தில் விளக்கேற்றி ஜெபித்தது. நான்காம் நூற்றாண்டின் இறுதியில், மேற்கு ஐரோப்பாவிலிருந்து ஏஜீரியா என்ற பெண்மணி எருசலேமுக்கு யாத்திரை போனார். தான் கண்டதையெல்லாம் ஊரிலுள்ள தன் சகோதரிகளுக்கு எழுதினார். பின்னேரம் ஏறக்குறைய நான்கு மணிக்கு, இயேசுவின் கல்லறை இருந்த ஆலயத்தில் எல்லாரும் கூடுவார்கள். விளக்குகளும் திரிகளும் ஏற்றப்படும். அதற்கான நெருப்பை வெளியிலிருந்து கொண்டுவருவதில்லை. கல்லறைக் குகைக்குள் இரவும் பகலும் எரிகிற ஒரு விளக்கிலிருந்தே எடுப்பார்கள் என்று அவர் எழுதியிருக்கிறார்.

இன்னொன்றையும் அவர் கவனித்தார். அந்த ஊர் மக்களில் சிலருக்குக் கிரேக்கம் தெரியும். சிலருக்குச் சீரியம் மட்டுமே தெரியும். ஆயர் கிரேக்கத்தில் பேச, அருகில் நிற்கும் குரு அதைச் சீரிய மொழியில் சொல்வார். இலத்தீன் மட்டும் தெரிந்தவர்களும் ஒதுக்கப்படவில்லை. அவர்களுக்கும் யாராவது விளக்கிச் சொன்னார்கள். தமிழும் பிரெஞ்சும் கலந்து நிற்கும் நம் ஆராதனையில், பிள்ளைகளுக்கு விளங்கவில்லையே, பெரியவர்களுக்கு விளங்கவில்லையே என்று நாம் கவலைப்படுவது புதிய கவலை அல்ல. அது 1600 ஆண்டுப் பழையது.

அகதிகளின் பிள்ளைகள் கையில்

நத்தார் இரவில் ஒவ்வொரு பிள்ளையின் கையிலும் ஒரு திரியைக் கொடுக்கும் வழக்கத்துக்கு ஒரு தேதியே இருக்கிறது: 24 டிசம்பர் 1747. இடம் ஜெர்மனியிலுள்ள மரியன்போர்ன் மாளிகை. இந்தக் கதையில் தரங்கம்பாடிக்கும் பரிஸுக்கும் ஒரு பங்கு உண்டு என்பது நமக்கு வியப்பாக இருக்கும்.

1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, தமிழ் கற்று, தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்து அச்சிட்ட சீகன்பால்குவை நாம் அறிவோம். அவர் 1715 இல் ஜெர்மனிக்குப் போனபோது, ஹாலே நகரிலுள்ள பள்ளியில் சின்சென்டோர்ஃப் என்ற பிரபுக் குடும்பத்துப் பையன் படித்துக்கொண்டிருந்தான். தூரத்து நாடுகளில் சுவிசேஷம் சொல்லப்படுவதைத் தரங்கம்பாடியிலிருந்து வந்தவர்கள் வாயிலாகவே அவன் கேட்டு வளர்ந்தான். பத்தொன்பது வயதில் கல்விப் பயணமாக இதே பரிஸுக்கு வந்து சில மாதங்கள் தங்கினான். இங்கே கத்தோலிக்கப் பேராயரான கர்தினால் நொவாய் அவனுக்கு நண்பரானார். சபைகள் வேறானாலும் அந்த நட்பு தொடர்ந்தது.

பிறகு 1722 இல், விசுவாசத்தின் நிமித்தம் மொராவியாவிலிருந்து வீடுவாசலை விட்டு ஓடிவந்தவர்களுக்குச் சின்சென்டோர்ஃப் தன் நிலத்தில் இடம் கொடுத்தார். அவர்கள் காட்டை வெட்டிக் கட்டிய ஊர்தான் ஹெர்ன்ஹூட். அந்த அகதிகளிலிருந்து எழுந்தது மொராவிய சபை. அவர்களில் ஒரு குழுவினர் 1760 இல் தரங்கம்பாடிக்கே வந்து, பொறையாறு பக்கத்தில் தோட்டம் போட்டு, கைத்தொழில் செய்து வாழ்ந்தார்கள்.

1747 நத்தார் இரவுக்கு வருவோம். சின்சென்டோர்ஃபின் மருமகனான யோவான் வாட்டவில் மரியன்போர்னில் பிள்ளைகளுக்கான கூட்டத்தை நடத்தினார். பிள்ளைகள் பாடினார்கள். பாலன் இயேசு ஒவ்வொரு உள்ளத்திலும் ஒரு சுடரை ஏற்றியிருக்கிறார் என்று அவர் எடுத்துச் சொன்னார். பெரியவர்களே சொற்களால் விளங்கிக்கொள்ளச் சிரமப்படும் காரியம் அது. ஆகவே அவர் ஒவ்வொரு பிள்ளைக்கும் சிவப்பு நாடா கட்டிய ஒரு சிறிய எரியும் திரியைக் கொடுத்தார். பிள்ளைகள் அதை ஏந்திக்கொண்டு மகிழ்ச்சியோடு தங்கள் அறைகளுக்குப் போனார்கள். அந்த இரவிலிருந்து இன்றுவரை, உலகமெங்கும் உள்ள மொராவிய சபைகளில் நத்தாருக்கு முந்திய இரவில் அப்படியே நடக்கிறது. சிவப்பு நாடாவுக்குப் பதிலாகச் சிவப்புக் காகிதம் சுற்றுவதும் உண்டு.

வீட்டை இழந்தவர்களின் சபை ஒன்று, தன் பிள்ளைகளின் கையில் வைத்த வெளிச்சம் இது. லா சப்பலில் கூடும் நமக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

‘இன்னும் எத்தனை நாள்?’

பிள்ளைகளுக்காக இன்னொரு கதை. ஜெர்மனியின் ஹாம்பேர்க் நகரில், ஏழைப் பிள்ளைகளையும் கைவிடப்பட்ட பிள்ளைகளையும் யோவான் ஹின்ரிச் விஷெர்ன் என்ற போதகர் ஓர் இல்லத்தில் வைத்து வளர்த்தார். டிசம்பர் மாதம் வந்தால் அவர்கள் தினமும் கேட்பது ஒரே கேள்வி: நத்தாருக்கு இன்னும் எத்தனை நாள்? 1839 இல் விஷெர்ன் ஒரு பழைய வண்டிச் சக்கரத்தை எடுத்தார். ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளைத் திரிகளையும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்புத் திரிகளையும் அதில் வைத்தார். ஒவ்வொரு மாலையும் ஜெப வேளையில் ஒரு திரி கூட எரிந்தது. பிள்ளைகள் எண்ணிப் பார்த்துக்கொண்டார்கள். இன்று ஆலயங்களில் திருவருகைக் காலத்தில் வைக்கும் நான்கு திரி வளையம் அந்தச் சக்கரத்திலிருந்து வந்ததே.

காத்திருப்பது என்றால் என்னவென்று நம்மில் பலருக்குத் தெரியும். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரும்வரை, குடும்பம் வந்து சேரும்வரை, எண்ணி எண்ணிக் காத்திருந்தவர்கள் நாம். ஒரு நாளுக்கு ஒரு திரி என்று காத்திருப்பையே ஜெபமாக்கியது அந்தச் சக்கரம்.

போருக்குப் பிந்திய முதல் நத்தார்

வேதபாடமும் பாட்டும் மாறி மாறி வரும் ‘ஒன்பது வாசகங்கள்’ ஆராதனையை நம்மில் பலர் ஊரில் அங்கிலிக்கன் சபையிலோ தென்னிந்தியத் திருச்சபையிலோ கண்டிருப்போம். இது இங்கிலாந்தின் ட்ரூரோ நகரில் 1880 நத்தாருக்கு முந்திய இரவு பத்து மணிக்குத் தொடங்கியது. அங்கே பேராலயம் இன்னும் கட்டி முடியவில்லை. ஒரு மரக் கொட்டகையில்தான் ஆராதனை. ஆயராக இருந்த எட்வர்ட் வைட் பென்சன், வாசகங்களைச் சபையின் பணியாளர்கள் வரிசையாக வாசிக்கும்படி ஒழுங்கு செய்தார். முதல் வாசகத்தை வாசித்தவன் பாடகர் குழுவிலிருந்த சிறுவன். கடைசி வாசகத்தை வாசித்தவர் ஆயர். சிறியவரிலிருந்து பெரியவர் நோக்கிப் போகும் அந்த வரிசை இன்றும் மாறவில்லை.

அந்த ஆராதனைக்கு உலகப் புகழ் வந்தது 1918 இல். கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியின் சிற்றாலயத்துக்கு எரிக் மில்னர் வைட் புதிதாகப் பொறுப்பேற்றிருந்தார். வயது 34. அதற்கு முன் அவர் போர்முனையில் படையினரின் குருவாக இருந்தவர். 1914 நத்தார் இரவில், வட பிரான்சிலும் பெல்ஜியத்திலும் ஜெர்மன் படையினர் பதுங்குகுழி விளிம்புகளில் திரி ஏற்றிய சிறு நத்தார் மரங்களை வைத்துப் பாடியதும், சில இடங்களில் இரு தரப்பும் சுடுவதை நிறுத்திக் கை குலுக்கியதும் அந்தப் போரில்தான். ஆனால் அதற்குப் பிறகு இன்னும் நான்கு ஆண்டுகள் போர் நடந்தது. கல்லூரியிலிருந்து போன இளைஞர்களில் பலர் திரும்பி வரவில்லை.

1918 நவம்பர் 11 இல் போர் நின்றது. ஆறு கிழமைகளில் நத்தார். வழக்கமான ஆராதனை முறை அந்த மக்களின் துக்கத்துக்குப் போதாது என்று மில்னர் வைட் கண்டார். ட்ரூரோவின் ஒழுங்கை எடுத்து, தொடக்கத்தில் ஒரு புதிய அழைப்பு ஜெபத்தை எழுதிச் சேர்த்தார். ஏழைகள், பசித்தவர்கள், நோயாளிகள், துக்கப்படுகிறவர்கள், தனித்திருப்பவர்கள், கடைசியாக இவ்வுலகைவிட்டு மறுகரையில் நின்று நம்மோடு மகிழ்கிறவர்கள் எல்லாரையும் அது நினைக்கிறது. அங்கே அமர்ந்திருந்தவர்களுக்கு அந்தக் கடைசி வரி யாரைப் பற்றியது என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

1928 இல் பிபிசி அதை வானொலியில் ஒலிபரப்பியது. 1930 தவிர ஒவ்வோர் ஆண்டும் ஒலிபரப்பு தொடர்ந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ஆலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகள் பாதுகாப்புக்காகக் கழற்றப்பட்டிருந்தன; உள்ளே கடுங்குளிர். அப்போதும் ஆராதனை நிற்கவில்லை. எங்கிருந்து ஒலிபரப்பாகிறது என்பதை மட்டும் வானொலி சொல்லவில்லை.

திரி ஏற்றலாமா?

நம் சபையில் பல பின்னணிகளிலிருந்து வந்தவர்கள் இருக்கிறோம். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்தவருக்கு மெழுகுதிரி இல்லாத ஜெபம் குறைவாகத் தோன்றும். வேறு சிலருக்கு ஆராதனையில் திரி ஏற்றுவது சடங்காகத் தோன்றும். இரு பக்கத்தாரும் உண்மையான பக்தியோடுதான் பேசுகிறார்கள்.

இந்த வழக்கு ஒருமுறை நீதிமன்றத்துக்கே போயிருக்கிறது. லிங்கன் ஆயரான எட்வர்ட் கிங், வெளிச்சத்துக்குத் தேவையில்லாதபோதும் திருவிருந்து மேசையில் திரி எரியவிட்டார் என்பது அவர்மேல் வந்த குற்றச்சாட்டுகளில் ஒன்று. அதை விசாரித்துத் தீர்ப்புச் சொன்னவர், அதற்குள் கன்டர்பரி பேராயராகிவிட்ட அதே பென்சன். ஆராதனை தொடங்கும் முன்பே ஏற்றப்பட்ட திரிகள் எரியலாம் என்று 1890 இல் அவர் தீர்ப்பளித்தார். அவருடைய தீர்ப்பு மேல்முறையீட்டிலும் நிலைத்தது.

ஆகவே நாம் இதில் சண்டையிட வேண்டியதில்லை. திரியை நாம் வணங்குவதில்லை. அது ஒரு பாடம். மரியன்போர்னில் பிள்ளைகளுக்கு எப்படி ஒரு பாடமாக இருந்ததோ, நமக்கும் அப்படியே இருக்கட்டும். கையில் ஏந்த விரும்பாதவர் ஏந்தாமலே அமர்ந்திருக்கவும் இடம் கொடுப்போம்.

நம் ஊரின் இருள்

யாழ்ப்பாணத்தில் 1990 களில் மின்சாரம் இல்லாத ஆண்டுகள் இருந்தன. மண்ணெண்ணெய்யும் பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருள்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் கொஞ்சம் எண்ணெய்யும் வைத்துத் திரி போட்ட விளக்கில் பிள்ளைகள் பரீட்சைக்குப் படித்தார்கள். 1995 ஒக்டோபர் 30 இல் வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி மழையில் நடந்தார்கள். அந்த ஆண்டு நத்தார் பலருக்குச் சொந்த ஆலயத்தில் இல்லை.

2004 நத்தாருக்கு அடுத்த நாள், டிசம்பர் 26, ஞாயிறு. கடல் வந்தது. முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், அக்கரையில் நாகப்பட்டினத்திலும் தரங்கம்பாடியிலும், முந்திய நாள் புத்தாடை உடுத்த பிள்ளைகள் பலர் போனார்கள். அடுத்த ஆண்டு, 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியின்போது, மட்டக்களப்பு புனித மரியாள் பேராலயத்துக்குள்ளேயே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். பக்கத்தில் இருந்த அவருடைய மனைவி படுகாயமடைந்தார்.

பிள்ளைகளே, நத்தார் காலத்தில் உங்கள் அம்மம்மாவோ அப்பாவோ திடீரென்று பேசாமல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அவர்களுக்கு நத்தார் பிடிக்காது என்று நினைக்காதீர்கள். அவர்களுக்கு நினைவில் வருகிற முகங்கள் உண்டு. நம் ஒளி விழாவில் நாடகமும் நடனமும் நத்தார் தாத்தாவின் பரிசும் இருக்கின்றன. அவை இருக்கத்தான் வேண்டும். ஆனால் அங்கே அம்மம்மா அழுவதற்கு இடம் இல்லை. மெழுகுதிரி ஆராதனை அந்த இடத்தைக் கொடுக்கிறது. அழுகிறவரும் சிரிக்கிறவரும் ஒரே வாங்கில் அமரலாம்.

லா சப்பலில் எப்படிச் செய்வது?

இனித் திட்டத்துக்கு வருவோம். மேலே கண்ட வரலாறு நமக்குச் சில வழிகளைக் காட்டுகிறது.

நாளும் நேரமும். டிசம்பர் 24 இரவு பரிஸ் உணவகங்களுக்கு ஆண்டிலேயே வேலை மிகுந்த இரவுகளில் ஒன்று. நம் சகோதரர்கள் பலர் அன்று சமையலறையில் நிற்பார்கள். அவர்கள் வர முடியாத நேரத்தில் ஆராதனையை வைத்துவிட்டு அவர்களுக்காக ஜெபிப்பதைவிட, அவர்கள் வரக்கூடிய நேரத்தில் வைப்பது நல்லது. டிசம்பரில் இங்கே மாலை ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆகையால் நள்ளிரவுக்குக் காத்திருக்கத் தேவையில்லை. நத்தாருக்கு முந்திய ஞாயிறு மாலை ஐந்து மணிக்கே இருள் ஆயத்தமாக இருக்கும். கிங்ஸ் கல்லூரி ஆராதனையும் பிற்பகலில்தான் தொடங்குகிறது.

இருள். அறிவித்தல்களை முன்பே முடித்துவிட வேண்டும். கைப்பேசிகள் பைக்குள் இருக்கட்டும். பிறகு எல்லா மின்விளக்குகளையும் அணைத்து, ஒரு நிமிடம் ஒன்றும் செய்யாமல் இருப்போம். பாட்டு வேண்டாம், கீபோர்ட் வேண்டாம். சிறு பிள்ளைகள் பயப்படாதபடி பெற்றோர் கையைப் பிடித்துக்கொள்ளலாம். இந்த ஒரு நிமிடத்தை அவசரப்பட்டு வெட்டிவிட்டால், பின்னால் ஏற்றும் திரி அலங்காரமாகிவிடும்.

ஒரே சுடர். எருசலேமில் செய்ததுபோல, எல்லாத் திரிகளும் ஒரே திரியிலிருந்து எரியட்டும். இதற்கு ஒரு நல்ல வாய்ப்பும் உண்டு. 1986 இல் ஆஸ்திரியாவின் லின்ஸ் நகர வானொலியினர் தொடங்கிய வழக்கப்படி, ஆண்டுதோறும் பெத்லகேம் பிறப்புக் குகையில் ஒரு பிள்ளை ஏற்றும் சுடர் ஐரோப்பாவுக்கு வருகிறது. சாரணர்கள் அதை அணையாமல் ஊர் ஊராகக் கொண்டுபோகிறார்கள். திருவருகைக் காலத்தில் அது பிரான்சுக்கும் வருகிறது. நம் வாலிபர்கள் ஒரு கூண்டு விளக்கோடு போய் அதைப் பெற்று, லா சப்பலுக்குக் கொண்டுவரலாம்.

வாசகங்கள். ஒன்பதும் நீளமென்றால் ஐந்து போதும்: ஏசாயா 9, லூக்கா 1, லூக்கா 2, மத்தேயு 2, யோவான் 1. முதல் வாசகத்தை ஞாயிறு பாடசாலைப் பிள்ளை வாசிக்கட்டும். கடைசியைப் போதகர் வாசிக்கட்டும். தமிழில் வாசித்தால் பிரெஞ்சில் இரண்டு வரிச் சுருக்கம், பிரெஞ்சில் வாசித்தால் தமிழில் இரண்டு வரி. தமிழ் வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைக்கு நவம்பரிலேயே பகுதியைக் கொடுத்துப் பழக்குவோம். வீட்டில் அம்மம்மா சொல்லிக்கொடுப்பதே ஓர் ஆராதனைதான். மத்தேயு 2 இல் யோசேப்பு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு இரவோடிரவாக எகிப்துக்கு ஓடுகிற பகுதியை விட்டுவிட வேண்டாம். அது நம் கதை.

நினைவுகூரல். லூக்கா 2 வாசித்த பிறகு ஓர் இடைவேளை விட்டு, விரும்புகிறவர்கள் இறந்துபோன தங்கள் அன்பானவர்களின் பெயரை மெதுவாகச் சொல்லலாம். பெயர் மட்டும் போதும். எப்படி இறந்தார், யார் காரணம் என்ற பேச்சுக்கு வேறு இடம் உண்டு. சொல்ல முடியாதவர்கள் மௌனமாக இருக்கலாம்.

சுடர் பகிர்தல். யோவான் 1 வாசித்ததும் பெரிய திரியிலிருந்து பிள்ளைகள் முதலில் ஏற்றி, ஒவ்வொரு வரிசையின் ஓரத்திலிருப்பவருக்கும் கொடுப்பார்கள். அங்கிருந்து ஒருவர் மற்றவருக்கு. எரியும் திரி நிமிர்ந்தே நிற்க வேண்டும். எரியாத திரியைத்தான் சாய்த்து ஏற்ற வேண்டும். அப்போதுதான் மெழுகு சொட்டாது. பிள்ளைகள் இதை முன்பே ஒத்திகை பார்க்கட்டும்.

பாட்டு. திரி வெளிச்சத்தில் பாட்டுப் புத்தகம் தெரியாது. ஆகவே மனப்பாடமாகத் தெரிந்த பாட்டுகளையே தெரிவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனை ஒன்று பெரியவர்களுக்கு வாயில் வரும். பிரான்சின் தேசே என்ற சிற்றூரில் 1940 இல், அகதிகளுக்கு அடைக்கலம் கொடுத்துக்கொண்டே சகோதரர் ரொஜே தொடங்கிய ஜெப சமூகம், சில சொற்களையே திரும்பத் திரும்பப் பாடும் முறையை வளர்த்தது. அங்கே சனி இரவுகளில் எல்லாரும் திரி ஏந்திப் பாடுகிறார்கள். அந்த முறையில் தமிழ் ஒருமுறை, பிரெஞ்சு ஒருமுறை என்று பாடினால் புத்தகமே வேண்டாம். கடைசியில் நத்தார் இரவின் அமைதியைப் பாடும் அந்தப் பாட்டு. 1818 இல் ஒபென்டோர்ஃப் என்ற ஆஸ்திரியச் சிற்றூரில் ஜோசப் மோர் என்ற உதவிக் குருவும் பிரான்ஸ் குரூபர் என்ற ஆசிரியரும் ஒரு கித்தாரோடு அதை முதன்முதல் பாடினார்கள். நாமும் ஒரு கித்தாரோடு பாடலாம்.

பாதுகாப்பு. இது பக்திக்கு வெளியே உள்ள விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மண்டபத்துக்குப் பொறுப்பானவர்களிடம் திரி ஏற்ற அனுமதியை முன்கூட்டியே எழுத்தில் கேட்போம். அனுமதி இல்லையென்றால் முன்னால் ஒரு திரி, மற்றவர் கையில் பற்றரித் திரி. அதனால் ஆராதனை குறைந்துவிடாது. ஒவ்வொரு திரிக்கும் காகித வட்டம் போட வேண்டும். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பற்றரித் திரியே கொடுக்க வேண்டும். சேலைத் தலைப்பைச் செருகிக்கொள்ள வேண்டும். நீண்ட கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். சால்வையை மடித்து வைக்க வேண்டும். திரைச்சீலைக்கும் காகித அலங்காரத்துக்கும் பக்கத்தில் சுடர் கூடாது. தீயணைப்பான் எங்கே இருக்கிறது என்று தெரிந்த இரண்டு வாலிபர்கள் திரி ஏந்தாமல் பின்னால் நிற்கட்டும். வெளியேறும் வழியில் குழந்தை வண்டிகள் நிற்கக் கூடாது.

முடிவு. ஆசீர்வாதத்துக்குப் பிறகு மின்விளக்குகளை ஒன்றாகப் போடாமல், வாசற் பக்கத்திலிருந்து மெதுவாக ஏற்றுவோம். பிறகு தேநீரும் கேக்கும். மௌனத்திலிருந்து பேச்சுக்கு வர மனிதருக்குக் கொஞ்ச நேரம் வேண்டும். தனியாக வந்தவர் தனியாகவே மெட்ரோவுக்கு நடக்காதபடி பார்த்துக்கொள்வது மூப்பர்களின் பொறுப்பு. அன்றிரவு வர முடியாத நோயாளிக்கும் வேலையில் நிற்பவருக்கும் ஒரு திரியைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தனுப்புவோம்.

ஜெனவியேவின் தோழியருக்கும் மொராவிய அகதிகளின் பிள்ளைகளுக்கும் போரில் மகனை இழந்த தாய்மாருக்கும் ஒரே இரவுதான் இருந்தது: பெத்லகேம் மேய்ப்பர்கள் விழித்திருந்த அந்த இரவு. அவர்கள் ஒவ்வொருவரும் சுடரைத் தமக்கு அடுத்தவருக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இந்த ஆண்டு அது லா சப்பலில் நம் கைக்கு வருகிறது. நம்முடைய பிள்ளைகள் கைநீட்டி நிற்கிறார்கள். நிமிர்த்திப் பிடித்துக் கொடுப்போம்.

சபையார் அனைவருக்கும், தூரத்தில் இருக்கும் நம் உறவுகளுக்கும், பாலன் இயேசுவின் சமாதானம் உண்டாவதாக.